வீட்டுக்கு இரண்டாவது வாகனம்: யாரைக் கேட்டு எடுக்கிறோம்?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் திரும்பவும் அனுமதிக்கப்பட்டது. அன்றிலிருந்து தேநீர்க் கடையிலும் ஆசிரியர் அறையிலும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் மரத்தடியில் நிற்கும்போதும் ஒரே கதைதான். "சேர், என்ன வாகனம் எடுக்கலாம்?" வாகனம் விற்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை வாத்தியாரிடம் கேட்கிறார்கள். விற்கிறவன் உண்மை சொல்லமாட்டான் என்ற பயமாக இருக்கலாம்.

கொழும்பில் வசதியானவர்கள் வீட்டில் இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். முற்றத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கும். அது ஆசைக்கு. பிள்ளையை ஏற்றவும் சந்தைக்குப் போகவும் மழைக்குள் ஓடவும் இன்னொன்று தேவைப்படும். உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற கார் 1989இல் வந்தது. இருப்பதே இரண்டு இருக்கை, பின்பெட்டியில் ஒரு பயணப் பை வைத்தால் நிறைந்துவிடும். அதை வைத்திருக்கும் குடும்பக்காரர்கள் பலர் பக்கத்தில் சாதாரணக் கார் ஒன்றையும் வைத்திருப்பார்கள். ஆசைக்கு ஒன்று, அன்றாடத்துக்கு ஒன்று என்ற கணக்கு.

வன்னியில் எங்கள் வீடுகளில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வேன்: யமஹா ஆர்15. அல்லது எஃப்இசட். அல்லது பெரிய பல்சர். மகன் கேட்டான், வாப்பா எடுத்துக் கொடுத்தார். அல்லது கட்டாரிலிருந்து நாநா காசு அனுப்ப, தம்பி எடுத்தான். தமிழ், முஸ்லிம் என்ற வேறுபாடு இதில் கிடையாது. பட்டாணிச்சிப்புளியங்குளத்திலும் அதுதான், முள்ளியவளையிலும் அதுதான், பரந்தனிலும் அதுதான். இப்போது கையில் இன்னும் கொஞ்சம் காசு புழங்குகிறது. வீட்டுக்கு இரண்டாவது வாகனம் ஒன்று எடுக்க வேண்டும் என்ற பேச்சு வருகிறது. அந்தப் பேச்சில் யார் சொல்வது எடுபடுகிறது என்று கவனியுங்கள். ஆர்15 சாவி யார் கையில் இருக்கிறதோ, அவன் சொல்வதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆசைக்கான வாகனம் ஒன்று ஏற்கெனவே இருந்தால், இரண்டாவது வாகனத்தைத் தெரிவு செய்யும் உரிமை அந்த வாகனத்தை ஓட்டுகிறவருக்கு இல்லை. இன்னும் வாகனமே கிடைக்காதவருக்குத்தான் அந்த உரிமை. பெரும்பாலும் அது உம்மா, அல்லது மனைவி, அல்லது உயர்தரம் படிக்கும் மகள், அல்லது மாதாமாதம் கிளினிக் போகும் மூத்தப்பா.

உடனே சிலர், "சேர் பைக்குக்கு எதிரி" என்று எழுத வருவீர்கள். நான் எதிரி இல்லை. நல்ல பைக் மீதான ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். தொண்ணூறுகளில் இந்த மண்ணில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். துளிப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள். வெண்புகை கக்கிக்கொண்டு ஓடிய பழைய கார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டுப் போன எங்கள் சனம் கைப்பையோடு போனது. 2009இல் மெனிக் பாம் முள்வேலிக்குள் இருந்த பிள்ளைகள் இன்று இருபது வயது தாண்டிய இளைஞர்கள். அந்தப் பிள்ளை இன்று பளபளக்கும் பைக்கில் ஏ9 வீதியில் போவதைப் பார்க்க எனக்கும் சந்தோசம்தான். ஒரு தலைமுறை இழந்ததற்கு இன்னொரு தலைமுறை கொஞ்சம் அனுபவிக்கட்டும்.

பிரச்சினை அந்த பைக்கில் இல்லை. அந்த ஒரு பைக்கிடம் வீட்டின் எல்லா வேலையையும் கேட்கிறோமே, அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

காலை ஏழேகாலுக்குப் பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். ஆர்15இன் புதிய வகைகளில் ஓட்டுநர் இருக்கையே நிலத்திலிருந்து 815 மில்லிமீற்றர் உயரம். பின் இருக்கை அதைவிட உயரமாக, தனியாக, ஒடுக்கமாக இருக்கும். அதில் எட்டு வயதுப் பிள்ளையின் கால் மிதிகட்டைக்கு எட்டாது. பிடிக்கவும் ஒழுங்கான பிடி கிடையாது. முன்னுக்குக் குனிந்து ஓட்டும் அண்ணனின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முதுகில் ஐந்து கிலோ புத்தகப் பையோடு அந்தப் பிள்ளை வருகிறது. இன்னும் சிலர் ஒரு பிள்ளையை எரிபொருள் தாங்கிக்கு மேலேயே இருத்தி வருகிறார்கள்.

அபாயாவோ சேலையோ உடுத்த தாய்மார் அந்த பைக்கில் ஒரு பக்கமாக இருந்து வருவதைப் பார்க்கும்போது என் வயிறு கலங்குகிறது. பைக்கோடு வரும் சேலைக் காப்புக் கம்பியை "ஸ்டைல் கெட்டுப் போகுது" என்று கழற்றிவிடுகிறார்கள். பிறகு அபாயாவின் நுனியும் துப்பட்டாவும் சங்கிலிக்கும் சில்லுக்கும் பக்கத்தில் பறக்கின்றன. அந்த பைக்கைச் செய்தவர்கள் ஒரு ஆள் வளைவில் சாய்ந்து ஓடுவதற்காகச் செய்தார்கள். கர்ப்பிணித் தாயைக் கிளினிக்குக்கு ஏற்றுவதற்காகச் செய்யவில்லை. 12.5 கிலோ காஸ் சிலிண்டரையும் 50 கிலோ உரப்பையையும் ஏற்றுவதற்காகவும் செய்யவில்லை. அதன் வேலை வேறு.

ஆகவே இரண்டாவது வாகனம் தேவை என்பது சரி. எது என்று எப்படித் தீர்மானிப்பது?

காட்சியறைக்குப் போவதற்கு முன் ஒரு கொப்பித் தாளை எடுங்கள். போன மாதம் உங்கள் வீட்டிலிருந்து யார் யார் எங்கெங்கே போனார்கள், எதில் போனார்கள் என்று எழுதுங்கள். மகள் ரியூசனுக்கு எத்தனை தரம் போனாள், எத்தனை தரம் "கூட்டிப்போக ஆளில்லை" என்று வீட்டில் நின்றாள்? உம்மா ஆஸ்பத்திரிக்கு எத்தனை தரம் ஓட்டோ பிடித்தார், எவ்வளவு கொடுத்தார்? மழையில் யார் நனைந்தார்கள்? இந்தத் தாளில் ஆர்15 ஓட்டும் தம்பியின் பயணங்களை எழுத வேண்டாம். அவருக்கு வாகனம் இருக்கிறது. மீதிப் பயணங்கள்தான் இரண்டாவது வாகனத்தின் வேலைப் பட்டியல்.

பத்து வீட்டில் இந்தத் தாளை எழுதினால் பத்தும் ஒரே மாதிரி வராது. ஆனால் நான் கண்ட அளவில் நான்கு வகைக்குள் அடங்கும்.

முதலாவது, நகரத்துக்குக் கிட்ட இருக்கும் வீடு. பயணமெல்லாம் ஐந்து, பத்து கிலோமீற்றர். ஒரு ஆள், கூடினால் இரண்டு ஆள். இந்த வீட்டுக்குக் கார் தேவையில்லை. ஸ்கூட்டி போதும். 88 சிசி அளவுள்ள ஸ்கூட்டி பெப் பிளஸ் போன்றவை நூறு கிலோவுக்கும் குறைந்த பாரம். இருக்கை தாழ்வு, கியர் இல்லை, அபாயாவோடும் சேலையோடும் ஓடலாம், காலடியில் சாமான் பை வைக்கலாம். 100 சிசிக்கு உட்பட்டதால் ஏ1 வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் போதும். வடக்கில் ஆசிரியைகள், தாதியர், கிராம அலுவலர்கள் எத்தனை பேர் இதே ஸ்கூட்டியை நம்பி வேலைக்குப் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். பெப் போன்ற சிறிய ஸ்கூட்டிகளின் சில்லு பத்து அங்குலம்தான். கிறவல் வீதியில், மணல் சேர்ந்த திருப்பத்தில் முன் சில்லு வழுக்கும். உள்வீதி முழுக்கக் கிறவல் என்றால் பெரிய சில்லுள்ள ஸ்கூட்டியைப் பாருங்கள்.

இரண்டாவது, உள்ளூருக்குள் சாமானும் ஆளும் சேர்ந்து போகிற வீடு. கடை வைத்திருப்பவர், சமைத்து விற்பவர், தையல் வேலை செய்பவர். இவர்களுக்கு ஓட்டோ நல்ல தெரிவு. மழை படாது, மூன்று பேர் இருக்கலாம், ஓய்வு நேரத்தில் வாடகைக்கு ஓடி நாலு காசு தேடலாம், எந்தச் சந்தியிலும் திருத்தலாம். பலர் ஓட்டோவைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிய வாகனத்தில் என்ன கௌரவக் குறைவு? ஆனால் நீண்ட தூர இரவு ஓட்டத்துக்கு, முக்கியமாக ஏ9 வீதியில் கொழும்பு பஸ்களுக்கு நடுவே, ஓட்டோ வேண்டாம்.

மூன்றாவது, வயல் வீடு. நெல் மூட்டை, உரம், மருந்துத் தாங்கி, மாட்டுத் தீவனம். இவர்களிடம் லான்ட்மாஸ்டர் இருக்கும். அதற்கு மேல் ஒன்று வேண்டுமென்றால் டிமோ பட்டா என்று நாங்கள் சொல்லும் சின்ன லொறிதான் பொருத்தம். டீசல், முக்கால் தொன் அளவு பாரம் இழுக்கும். ஆனால் அது குடும்ப வாகனம் ஆகாது. முன்னுக்கு இரண்டு பேர்தான். கல்யாண வீட்டுக்கு மிச்சச் சனத்தைப் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவதை இனியாவது நிறுத்துவோம்.

நான்காவது, சுகவீனமான ஒருவர் உள்ள வீடு, அல்லது சிறு பிள்ளைகள் உள்ள, தூரப் பயணம் அடிக்கடி வரும் வீடு. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 வீதியில் ஏறவே 50 கிலோமீற்றர் அளவு. யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் அதற்கு மேலும் ஓட வேண்டும். எங்கள் சனத்துக்குப் பாதி உறவு இன்னும் புத்தளத்தில். நல்லது கெட்டதுக்கு வவுனியாவிலிருந்து அனுராதபுரம் வழியாக 130 கிலோமீற்றர் அளவு ஓட வேண்டும். இந்த வீட்டுக்குத்தான் கார் உண்மையிலேயே தேவை.

அந்தக் கார் எது? இங்கேதான் ஆர்15 தம்பி திரும்பவும் உள்ளே வருவார். "ஸ்டிங்ரே எடுப்போம், அலோய் வீல் போடுவோம், கொஞ்சம் பதிப்போம்." அல்லது, "வெசல் ஒன்று லீசிங்கில் எடுப்போம்." தம்பி, வீட்டில் ஸ்போர்ட்ஸ் வாகனம் ஏற்கெனவே ஒன்று நிற்கிறது. இன்னொன்று எதற்கு? பதித்த கார் உள்வீதிக் குழியில் வயிற்றை உரசும். மாரியில் வட்டுவாகல் போன்ற ஒடுங்கிய, தாழ்ந்த பாலங்களில் நீர் மேவும்போது தாழ்வான காரை வைத்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது காரின் குணங்கள் வேறு. கதவு அகலமாகத் திறக்க வேண்டும். மூட்டுவலி உள்ள உம்மா குனியாமல் ஏறி இறங்க வேண்டும். உங்கள் ஊர்க் கராஜில் திருத்த வேண்டும். உதிரிப்பாகம் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கிடைக்க வேண்டும். விற்கப் போனால் வாங்க ஆள் இருக்க வேண்டும். வீட்டில் ஆண் இல்லாத நேரம் மனைவி தானே எடுத்து ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால் பழைய மாருதி ஆல்டோ இன்னும் நல்ல மாணவன்தான். 796 சிசி, சிறிய எஞ்சின். தரையிலிருந்து 160 மில்லிமீற்றர் உயரம். எங்கும் திருத்தலாம். ஆனால் பழைய ஆல்டோக்கள் பலவற்றில் காற்றுப் பை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதை வைத்து ஏ9 வீதியில் நூறில் ஓடாதீர்கள். ஜப்பான் வாகன்ஆர் இன்னும் வசதி. உயரமான கூரை, அகலமாகத் திறக்கும் கதவு, வயதானவர்கள் கதிரையில் இருப்பதுபோல இருக்கலாம். 658 சிசி எஞ்சின், எரிபொருளும் மிச்சம். ஆனால் ஹைபிரிட் என்றால் பற்றரியையும், தானியங்கி கியர்ப்பெட்டியையும் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வாங்கக்கூடாது. ஆளும் சாமானும் நிறைய என்றால் அதே அளவு எஞ்சினோடு வரும் எவ்ரி வானையும் பார்க்கலாம்.

இந்தச் சின்னக் கார்களின் கதையே எங்கள் கதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுசுகி நிறுவனம் ஜப்பானில் முதல் ஆல்டோவை 1979இல் விட்டது. அப்போது நிறுவனத் தலைவராக இருந்தவர் ஒசாமு சுசுகி. 2024 டிசம்பரில்தான் காலமானார். தொழிலாளர்கள் சிறிய லொறிகளில் வேலைக்கு வருவதை அவர் கவனித்திருந்தார். ஒரே வாகனம் வேலைக்கும் வீட்டுக்கும் ஓடியது. ஆகவே ஆடம்பரத்தையெல்லாம் கழித்து, வரி குறையும்படி வணிக வாகனப் பிரிவில் சேர்த்து, 470,000 யென்னுக்கு விட்டார். வீட்டின் இரண்டாவது காராக, பெண்கள் தாங்களே ஓட்டும் காராக அது ஜப்பானில் பரவியது. அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் 1983இல் இந்தியாவில் ஓடத் தொடங்கிய மாருதி 800. எங்கள் வீதிகளில் ஓடும் ஆல்டோவும் அந்த வழியில் வந்ததுதான்.

இன்னொரு கதையும் உண்டு. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நாலு பேர் கொண்ட குடும்பம் நனைந்துகொண்டு போனதைக் கண்டுதான் நானோ கார் யோசனை வந்தது என்று ரத்தன் டாடா பல தடவை சொல்லியிருக்கிறார். 2009இல் வந்தது, 2018இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை இடம் மாறியது, சில கார்கள் தீப்பிடித்த செய்தி என்று காரணங்கள் பல. ஆனால் பெரிய காரணம் ஒன்றை ரத்தன் டாடாவே ஒப்புக்கொண்டார். "மலிவான கார்" என்ற பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. மலிவான காரில் போவதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று சனம் நினைத்தது. நனைந்துகொண்டு போவது வெட்கமில்லை, மலிவான காரில் நனையாமல் போவது வெட்கம்! நாங்களும் அதே சனம்தான். எங்கள் இரண்டாவது வாகனத்தைக் கெடுப்பது காசுக் குறைவைவிட இந்த வெட்கம்தான்.

இனிக் காசுக் கணக்கு. கணித வாத்தியார் இல்லாவிட்டாலும் இவ்வளவு போடத் தெரியும். ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர், மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீற்றர். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். ஸ்கூட்டி லீற்றருக்கு 45 ஓடினால் மாதம் 5,000 ரூபா. ஓட்டோ 25 ஓடினால் 9,000. சிறிய கார் உள்வீதியில் 15 ஓடினால் 15,000. இது பெற்றோல் மட்டும். காருக்குக் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, சேர்விஸ், டயர் எல்லாம் தனி. மாதத்தில் நாலு பயணத்துக்காகக் கார் எடுக்க நினைக்கும் வீடு, அந்த நாலு பயணத்துக்கும் வாடகைக்கு வான் பிடித்து, அன்றாடத்துக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்தால், மிச்சப்படும் காசு பிள்ளையின் படிப்புக்குக் காணும்.

அடுத்தது லீசிங். இது வன்னிக்கே உரிய பொறி என்று நான் நினைக்கிறேன். கொழும்பில் மாதச் சம்பளக்காரன் மாதத் தவணை கட்டுகிறான். எங்கள் விவசாயிக்குக் காசு மாதாமாதம் வருவதில்லை. காலபோக அறுவடைக்கு ஒரு தரம், குளத்தில் தண்ணீர் இருந்தால் சிறுபோகத்துக்கு ஒரு தரம். அறுவடைக் காசு கையில் இருக்கும் மாசி, பங்குனியில் முற்பணம் கட்டி வாகனத்தை எடுக்கிறார்கள். ஆவணி, புரட்டாதியில் கை காய்ந்திருக்கும்போதும் தவணை வரும். மூன்று தவணை பிந்தினால் வாகனத்தைத் தூக்க ஆள் வரும். ஊர் முழுக்கப் பார்க்க, வாசலில் நின்ற வாகனம் போகும். அன்று போகும் மானத்துக்கு வாங்கிய அன்று வந்த கௌரவம் ஈடாகாது. வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு இஜாரா, முறாபஹா என்று வழிகள் இருக்கின்றன. நல்லது. ஆனால் பெயர் மாறினாலும் தவணைத் திகதி மாறாது. வீட்டின் நிச்சயமான மாத வருமானத்தில் கால்வாசிக்கு மேல் தவணையும் பெற்றோலும் சேர்ந்து போகுமென்றால், அந்த வாகனம் உங்களுக்கானது இல்லை. இது வங்கிச் சட்டம் இல்லை, என் அளவுகோல்.

2022ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? கியூஆர் வந்த தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அந்த நாட்களில் குறைவாகக் குடிக்கும் வாகனம் வைத்திருந்தவர்தான் வேலைக்குப் போனார். அதுவும் இல்லாத நாளில் சைக்கிள் காப்பாற்றியது. அப்படியொரு காலம் திரும்ப வரக்கூடாது என்று துஆச் செய்வோம். ஆனால் வாகனம் எடுக்கும்போது அந்தக் காலத்தையும் மனதில் வைத்து எடுப்போம்.

பழைய வாகனம் எடுப்பவர்களுக்கு மூன்று சொல். ஒன்று, "ஓப்பன் பேப்பர்" வாகனம் வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் உள்ளவரும் விற்கிறவரும் ஒருவரா என்று பாருங்கள், எடுத்த கையோடு பெயரை மாற்றுங்கள். நாளை அந்த வாகனத்தில் ஒரு வழக்கு என்றால் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டு, செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று, வெள்ளத்தில் நின்ற வாகனமா என்று பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி, இருக்கைக்குக் கீழே உள்ள இரும்பில் துரு, சேறு, நாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் வாகனத்தை இனித் திருத்தப்போகிற பாஸையே கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண்போகாது.

இனி நான் இந்தப் பதிவை எழுதியதன் உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

மாலை வகுப்பு வைத்தால் பெண்பிள்ளைகளின் வரவு குறைகிறது. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில். "கூட்டிப்போக ஆளில்லை சேர்." அந்த வீடுகளில் சிலவற்றில் கழுவித் துடைத்த ஆர்15 முற்றத்தில் நிற்பதை நான் அறிவேன். அண்ணன் இல்லாத நேரம் அது வெறும் இரும்பு. அண்ணன் இருந்தாலும், "இப்ப ஏலாது" என்றால் அது வெறும் இரும்புதான். ஐந்து இலட்சம், பத்து இலட்சம் பெறுமதியான வாகனம் வீட்டில் நிற்க, அந்தப் பிள்ளைக்கு ஒரு பாடம் போகிறது. சாதாரண தரத்தில் ஒரு பாடம் போனால் உயர்தரத்தில் ஒரு துறை போகலாம். பைக் வாங்கியபோது இதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டி வந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். உம்மா ஓடப் பழகுவார். மகளை ஏற்றி இறக்குவார். நேரம் பிந்தினால் யாருக்கும் தொலைபேசி எடுத்துக் கெஞ்ச வேண்டியதில்லை. பதினெட்டு வயது வந்து அனுமதிப்பத்திரம் எடுத்ததும் மகள் தானே ஓடுவாள். "பெண்பிள்ளை ஓடினால் ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யுத்தத்துக்குப் பிறகு இந்த வன்னியில் எத்தனை குடும்பங்களைப் பெண்கள் தனியாகத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்கள் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போய்த்தான் நிறுத்தினார்கள். ஊர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"காசு உழைக்கிறவன் நான், நான் விரும்பியதை நான் எடுப்பேன்" என்று சொல்லும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. உழைத்த காசுக்கு முதலாவது வாகனத்தை உன் விருப்பத்துக்கு எடுத்தாய். அதில் நியாயம் இருக்கிறது. குடும்பக் காசில், குடும்பத்தின் பெயரில் எடுக்கும் இரண்டாவதையும் உன் விருப்பத்துக்கே எடுப்பதில் நியாயம் இல்லை. இன்னொரு நன்மையும் சொல்கிறேன். வீட்டுக்கு அன்றாட வாகனம் ஒன்று வந்தால் உன் பைக்கும் பிழைக்கும். சந்தை, ஆஸ்பத்திரி, ரியூசன் என்று யாரும் உன்னை எழுப்பமாட்டார்கள். பைக் உனக்கே மிஞ்சும்.

அப்படி மிஞ்சும் பைக்கைப் பகலில் ஓடு. இரவில் ஏ9 வீதியிலும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும் கட்டாக்காலி மாடுகள் தார்ச் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த வீதி. செட்டிகுளம் பக்கமும் வவுனியா வடக்கிலும் யானை. நூறில் வருகிறவனுக்கு ஹெட்லைட் வெளிச்சத்தில் மாடு தெரியும்போது பிரேக் பிடிக்கத் தூரம் இருக்காது. தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டு. மழைக் காலத்துக்கு முன் தேய்ந்த டயரை மாற்று. இதையெல்லாம் நான் பைக்கை வெறுத்துச் சொல்லவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் வயதாகி, மூட்டுவலியோடு ஒரு சின்னக் காரில் ஏறி இறங்குவதை நான் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறேன்.

ஆகவே உறவுகளே, இந்த வாரம் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடும் ஒரு நேரத்தில் அந்தக் கொப்பித் தாளை எடுங்கள். வழமையாக வாகனத்தைப் பற்றிப் பேசாதவர் யாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள். "உங்களுக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது?" அவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் குறுக்கே பேச வேண்டாம். அதற்குப் பிறகு வாகனத்தின் பெயரைப் பேசுங்கள்.